மலைநாட்டு வீட்டுக்கு மடிப்புக் கதவு: இடம் பார்ப்பதிலிருந்து மாட்டி முடிப்பது வரை

ஜூலை மாதத்து ஒரு காலை. மழை விடாமல் பெய்யும் மூன்றாவது வாரம். இலங்கை மலைநாட்டுக் கொட்டகலையில் எங்கள் வீட்டுக் கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவே நான் ஆசையாகப் போட்டிருந்த மடிப்புக் கதவு அசைய மறுத்துவிட்டது. உள்ளே அம்மா, கையில் தேநீர்க் கேத்தலோடு. வெளியே நான், தோளால் கதவை முட்டிக்கொண்டு. "இதுக்குப் பேர் கதவா, காவல்காரனா?" என்று கேட்டவர், சமையலறையின் பின்வாசலால் இறங்கி, மழையில் நனைந்து வீட்டைச் சுற்றி வந்துதான் எனக்குத் தேநீர் தந்தார். அந்தத் தேநீர் ஆறிப்போயிருந்தது.

முதலில் கதவைச் செய்த பாஸ் (தச்சர்) மீது கோபப்பட்டேன். கழற்றிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, பாதித் தவறு என்னுடையது. கதவின் நிறத்தையும் கைப்பிடியின் அழகையும் பற்றி அவரோடு ஒரு மணி நேரம் பேசிய நான், வாசலைப் பற்றியும் காற்றின் ஈரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மடிப்புக் கதவை நாம் வாங்கும் வரிசையே தலைகீழ்: முதலில் படம் பார்க்கிறோம், பிறகு மரம், கடைசியில் வாசல். வரிசையைத் திருப்பிப் போட்டால் பாதிப் பிரச்சினை தீரும். இந்த வழிகாட்டியும் அந்த வரிசையில்தான் போகிறது.

எந்தக் கதவைச் சொல்கிறேன்

நடுவில் பிணைச்சல் போட்டு இணைத்த இரண்டு கதவுத் துண்டுகள், திறக்கும்போது ஒன்றின்மேல் ஒன்றாக மடிந்து ஒரு பக்கம் ஒதுங்கும். கடைகளில் இதைப் பைஃபோல்ட் என்பார்கள். ஒவ்வொரு துண்டையும் இங்கே மடல் என்று அழைக்கிறேன். சிறிய வாசலுக்கு 2 மடல் போதும். அகலமான திறப்புக்கு இரு பக்கமும் இரண்டிரண்டாக 4 மடல்.

பழைய கோயில் கதவுகளைப் பார்த்திருப்பீர்கள். பிணைச்சல் இல்லாமல், மேலும் கீழும் நீட்டிய குடுமியில் சுழலும். மடிப்புக் கதவின் சுவரோர மடலும் அப்படித்தான் நிற்கிறது. மேல் குடுமி வாசலின் மேலே பொருத்தும் தண்டவாளத்துக்குள், கீழ் குடுமி தரையில் பதித்த தாங்கியில். அடுத்த மடலின் மேல்முனையில் ஒரு சிறிய சில்லு இருக்கும். அது தண்டவாளத்துக்குள் ஓடி வழிகாட்டும். கதவு கெட்டுப்போனால் பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றுதான் காரணம்.

பிளாஸ்டிக் கீற்றுகள் ஆர்மோனியப் பெட்டி போலச் சுருங்கும் கதவு வேறு வகை. மலிவு, ஈரத்துக்கு அஞ்சாது, ஆனால் பூனை சாய்ந்தால்கூட வளையும். அதைக் குளியலறைக்கு வைத்துக்கொள்ளலாம்.

முதல் படி: இந்தக் கதவு தேவைதானா?

தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடான லயத்தில் ஒரு காம்பரா (அறை) 10 அடிக்கு 12 அடி. அதில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு ஒரு கதவு விழுங்கும் இடம் எவ்வளவு என்று யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. அதனால்தான் உள்ளே கதவே வைக்காமல் பழைய சேலையைத் திரையாகக் கட்டினோம். இன்று சில பேர்ச்சஸ் அளவுச் சிறு காணியில் எழும் தோட்டத் தனிவீடுகளிலும் இடம் தாராளம் என்று சொல்ல முடியாது. இந்திய உதவியுடன் கட்டப்பட்ட வீடுகள் 550 சதுர அடி. அதற்குள் இரண்டு படுக்கையறை, கூடம், சமையலறை, கழிவறை எல்லாம் அடங்க வேண்டும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 30 அங்குல அகலமான சாதாரணக் கதவு திறந்து மூட ஏறத்தாழ 5 சதுர அடித் தரையைக் காலியாக விட வேண்டும். அதே வாசலில் 2 மடல் கதவு போட்டால் ஒவ்வொரு மடலும் 15 அங்குலம். அறைக்குள் நீட்டுவதும் அந்த 15 அங்குலம்தான். அது துடைக்கும் தரை ஒன்றரைச் சதுர அடிக்குச் சற்று மேல். மிஞ்சிய இடத்தில் ஒரு நாற்காலி போடலாம், அரிசி வாளி வைக்கலாம்.

அதற்கு ஒரு விலையும் உண்டு. மடிந்த இரண்டு மடல்களும் வாசலுக்குள்ளேயே நிற்பதால் 30 அங்குல வாசலில் நடக்கக் கிடைப்பது ஏறத்தாழ 26 அங்குலம். ஆள் நுழையலாம், எரிவாயு சிலிண்டர் நுழையும், பெரிய அலுமாரி நுழையாது. அப்படிப்பட்ட நாளில் கதவைத் தூக்கிக் கழற்ற வேண்டியிருக்கும். நல்ல குடுமியாக இருந்தால் அது ஐந்து நிமிட வேலை.

சுவரில் பதித்த அலுமாரிக்கும் சாமான் அறைக்கும் இதைவிடப் பொருத்தமான கதவு இல்லை. கூடத்திலிருந்து சமையலறையை மறைக்கவும், ஒரே அறையை இரவில் இரண்டாக்கவும், சாமியறை மாடத்துக்கும் நன்றாகவே உதவும்.

வீட்டின் வெளிவாசலுக்கு இது வேண்டாம். உள்வீட்டுக்கென விற்கும் சில்லும் குடுமியும் மழைக்காற்றைத் தாங்கச் செய்தவை அல்ல, பூட்டும் பெயரளவுக்குத்தான். படுக்கையறைக்கும் நான் சிபாரிசு செய்ய மாட்டேன். மடிப்பு இருக்கும் இடத்தில் இடைவெளி இருக்கும், இடைவெளி இருக்கும் இடத்தில் சத்தம் போகும். மூன்று தலைமுறை ஒன்றாக இருக்கும் வீட்டில் மூடினால் சத்தம் அடங்கும் கதவு குறைந்தது ஒன்றாவது வேண்டும். அதற்கு ஒற்றைக் கதவே சரி. அடிக்கடி தண்ணீர் தெறிக்கும் குளியலறைக்கும் மர மடிப்புக் கதவு ஆகாது.

இரண்டாம் படி: வாசலை அளப்பது

அளவுநாடா, ரசமட்டம், தூக்குக்குண்டு மூன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். ரசமட்டம் இல்லாவிட்டால் பக்கத்து வீட்டு மேசனிடம் கேட்கலாம். தூக்குக்குண்டுக்கு நூலில் கட்டிய ஒரு கனத்த நட்டே போதும்.

அகலத்தை மேலே, நடுவே, கீழே என மூன்று இடத்தில் அளந்து மிகக் குறைந்ததை எழுதுங்கள். உயரத்தையும் இடம், நடு, வலம் என மூன்று இடத்தில். பிறகு மூலைக்கு மூலை குறுக்காக இரண்டு அளவு. குறுக்களவுகள் இரண்டும் ஒன்றாக இருந்தால் வாசலில் கோணல் இல்லை. கால் அங்குல வித்தியாசம் வரை நிலைக்குப் பின்னால் மரச்சீவல் வைத்துச் சரிசெய்யலாம். அதற்கு மேல் போனால் கதவைப் பற்றிப் பேசும் முன் நிலையைத் திருத்துங்கள். சாதாரணக் கதவு கோணல் வாசலில் எப்படியோ சமாளித்துவிடும். மடிப்புக் கதவு சமாளிக்காது. பாதியில் நிற்கும், அல்லது தானாகத் திறக்கும்.

மலைநாட்டில் இதை இன்னும் கவனமாகப் பார்க்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நம் வீடுகள் பல, சரிவை ஒரு பக்கம் வெட்டி, வெட்டிய மண்ணை மறுபக்கம் நிரப்பி அமைத்த தளத்தில் நிற்பவை. நிரப்பிய பக்கம் மெதுவாக இறங்கும். வாசலின் மேல்மூலையிலிருந்து சுவரில் சாய்வாக ஒரு வெடிப்பு ஓடினால் பென்சிலால் அதன் முனையைக் குறித்து, பக்கத்தில் தேதியும் எழுதி, ஒரு மழைக்காலம் காத்திருங்கள். வெடிப்பு குறியைத் தாண்டியிருந்தால் அந்த வாசலில் கதவுக்குச் செலவழிப்பது வீண். நிலம் அசைவதாகச் சந்தேகம் வந்தால் கிராம அலுவலர் வழியாகத் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்துக்குத் தெரிவியுங்கள். மண்சரிவு அபாயத்தை ஆராய்வது அவர்கள் வேலை.

தரையையும் மறக்க வேண்டாம். கழுவிவிட வசதியாகச் சில வீடுகளில் சீமெந்துத் தரையை வாசல் பக்கம் சாய்த்துப் போட்டிருப்பார்கள். அந்தச் சாய்வின் பள்ளத்தில் கீழ் குடுமியின் தாங்கி வந்தால் ஒவ்வொரு முறை தரை கழுவும்போதும் அதில் தண்ணீர் தேங்கும். எந்தப் பக்கம் மேடோ அந்தப் பக்கம் கதவை ஒதுக்குங்கள். முடியாவிட்டால் தாங்கிக்குக் கீழே கால் அங்குலம் உயர்த்திப் பூசச் சொல்லுங்கள். ஒதுங்கும் பக்கத்தில் மின்விளக்குச் சுவிட்ச் இருக்கிறதா என்றும் இப்போதே பாருங்கள். கதவு திறந்திருக்கும்போது விளக்குப் போட வழியில்லாமல் நிற்கும் ஒரு வீட்டை நான் அறிவேன். அது என் தங்கையின் வீடு.

வாசலை அகலப்படுத்தி 4 மடல் போட ஆசைப்படுபவர்களுக்கு ஒரு வார்த்தை. லயத்தில் பக்கத்து வீட்டோடு பகிர்ந்த சுவரை எக்காரணம் கொண்டும் தொடாதீர்கள். உள்சுவரானாலும் கூரையின் பாரம் அதில் இறங்குகிறதா என்று பார்க்காமல் உடைக்கக் கூடாது. உடைத்தால் மேலே பாரம் தாங்கக் கொங்கிரீட் லின்டல், இரு பக்கமும் குறைந்தது 6 அங்குலம் சுவரில் ஏறியிருக்க வேண்டும். தோட்ட நிர்வாகத்தின் வீடாக இருந்தால் அனுமதி வாங்கிவிட்டுத்தான் சுத்தியலை எடுக்க வேண்டும்.

மூன்றாம் படி: உங்கள் ஊர்க் காற்று

மலைநாடு என்று ஒரே பெயரில் சொன்னாலும் காற்று ஒன்றல்ல. மேற்குச் சரிவில் இருக்கும் வட்டவளை, ஹட்டன், மஸ்கெலியா பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை அடித்துப் பெய்யும். அதே ஜூலையில் மலைக்கு அந்தப் பக்கம் பண்டாரவளையிலும் வெலிமடையிலும் உலர்ந்த காற்று வீசும். அவர்களுக்கு ஈரம் ஆண்டின் கடைசியில், வடகிழக்கு மழையோடு வருகிறது. நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் மூடுபனிக்குள் இருக்கிறது. ஜனவரி, பெப்ரவரி இரவுகளில் புல்லில் உறைபனி படியும். ஊருக்கு ஊர் கதவுக்குக் கஷ்ட காலம் வேறு.

மரம் காற்றிலிருந்து ஈரத்தை எடுக்கும், திருப்பிக் கொடுக்கும். காற்றின் ஈரப்பதன் 65 சதவீதத்தில் நிலைத்து நின்றால் மரத்துக்குள் ஏறத்தாழ 12 சதவீத ஈரம் இருக்கும். 90 சதவீதத்தில் நிலைத்தால் அது 20க்கு அருகில் போகும். ஈரம் ஏறினால் மரம் நீளவாட்டில் பெரிதாக மாறாது, அகலவாட்டில் உப்பும். நிதானமான மரம் என்று பெயரெடுத்த தேக்கிலேயே, ஈரம் 5 சதவீதம் ஏறினால் 15 அங்குல அகலப் பலகை 4 மில்லிமீற்றர் வரை அகலலாம். 4 மடல் வரிசையாக நின்றால் 15 மில்லிமீற்றருக்கு மேல். அம்மாவை மழையில் நனைய வைத்தது இந்தக் கணக்குத்தான்.

இதற்கு மருந்தைப் பழைய ஆசாரிகளே கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். முழுப் பலகையாகச் செய்யாமல் சுற்றிலும் சட்டம் அடித்து, சட்டத்தின் உள்விளிம்பில் பள்ளம் எடுத்து, நடுப்பலகையைப் பசை போடாமல் அந்தப் பள்ளத்தில் மிதக்க விடுவது. நடுப்பலகை உப்பினாலும் பள்ளத்துக்குள்ளேயே உப்பும். வெளியளவை மாற்றக்கூடியவை மூன்றரை அங்குல அகலச் செங்குத்துச் சட்டங்கள் இரண்டு மட்டும். 4 மில்லிமீற்றர் 2க்குக் கீழே வந்துவிடும். ஆகவே பாஸிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி எந்த மரம் என்பதல்ல. "சட்டம் போட்டா செய்வீர்கள், பலகையை ஒட்டியா?" என்பதுதான்.

என் முதல் கதவு ஒட்டிய சப்பு மரப் பலகை. அதைவிடப் பெரிய குற்றம் ஒன்றும் அதில் இருந்தது. இரு முகத்திலும் கண்ணாடி போல வார்னிஷ். ஆனால் மேல்விளிம்பிலும் கீழ்விளிம்பிலும் ஒரு பூச்சுகூட இல்லை. கண்ணுக்குத் தெரியாத இடம்தானே என்று விட்டிருந்தார்கள். மரத்தின் நார் முனைகள் வாய் திறந்து நிற்பது அங்கேதான். ஈரத்தை அதிக வேகமாகக் குடிப்பதும் அந்த வாய்தான். கதவு வந்து இறங்கியதும் முகம் பார்க்கும் கண்ணாடியொன்றை எடுத்துக் கதவுக்கு அடியில் பிடித்துப் பாருங்கள். பாஸ் சிரிப்பார். சிரிக்கட்டும்.

பூச்சு ஈரத்தை நிறுத்தாது, தாமதப்படுத்தும். அதனால் மரத்தைப் பழக்கவும் வேண்டும். கொழும்பிலிருந்தோ பதுளையிலிருந்தோ வந்த அறுத்த மரத்தைக் கதவு நிற்கப்போகும் வீட்டிலேயே, இடையிடையே குச்சி வைத்து அடுக்கி, இரண்டு மூன்று வாரம் விட்டுவிட்டு வேலையைத் தொடங்குவது நல்லது. ஹட்டன் பக்கத்தில் பெப்ரவரி, மார்ச் மாத வெயிலில் செய்யும் கதவுக்குத் தாராளமாக இடைவெளி விடுங்கள். மழையில் செய்வதற்குக் குறைவாக விட்டாலும் பாதகமில்லை, அது பிறகு சுருங்கத்தான் போகிறது. பண்டாரவளைக்காரர் இந்த மாதங்களைத் தம் ஊர் மழைக்கு ஏற்ப மாற்றிப் படிக்கவும்.

நான்காம் படி: எதால் செய்வது

தேக்கு நல்லதுதான், பணமும் இருந்தால். ஆனால் கனம். 15 அங்குல அகலம், 78 அங்குல உயரம், ஒன்றேகால் அங்குலத் தடிப்பில் முழுத் தேக்கு மடல் ஒன்று ஏறத்தாழ 15 கிலோ வரும். சோடிக்கு 30. அந்தப் பாரம் முழுவதும் ஒரு குடுமியில் நிற்கிறது என்பதை நினைத்துப் பாருங்கள். உள்கதவுக்கு மஹோகனியோ சப்போ போதும் என்பது என் அபிப்பிராயம். பலா அழகான மஞ்சள், நாள் போகப் போகச் செம்பழுப்பாகும், உழைக்கும். ஆனால் வீட்டுத் தோட்டத்துப் பலாவே ஆனாலும் வெட்ட அனுமதி வேண்டும், ஏற்றிச் செல்லவும் பத்திரம் வேண்டும். டர்பன்டைன் என்று கடைகளில் கிடைக்கும் யூக்கலிப்டஸ் வகை கூரைக்குச் சரி. சரியாக உலராவிட்டால் முறுக்கும். முறுக்கிய மடல் மடியாது. அல்பீசியாவும் ரப்பர் மரமும் போரான் மருந்து ஏற்றியதாக இருந்தால் மட்டும் வாங்குங்கள். இல்லாவிட்டால் ஒரு வருடத்தில் கதவடியில் மாவு கொட்டும். அது மாவல்ல, வண்டு.

மரநாரை அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப் பலகையில் ஒரு வசதி உண்டு: அது முறுக்காது, அளவு மாறாமல் மட்டமாக நிற்கும். பெயின்ட் அடிக்கவும் நல்லது. ஆனால் வெட்டிய விளிம்பில் தண்ணீர் பட்டால் பாண் போல ஊதும், ஊதியது திரும்பிப் போகாது. ஈரம் தாங்கும் வகை பெரும்பாலும் உள்ளே பச்சை நிறமாக இருக்கும். அதை வாங்கி, விளிம்புகளை இரண்டு முறை அடைத்துப் பூசினால் சாமான் அறைக்கும் அலுமாரிக்கும் தாராளம். சமையலறைத் தரையோடு ஒட்டி நிற்கும் கதவுக்கு வேண்டாம்.

அலுமினியச் சட்டத்தில் கண்ணாடி பதித்த மடலும் செய்கிறார்கள். உப்பாது, கறையான் அரிக்காது. குளிர்காலக் காலையில் தொட்டால் கை சுடும், அவ்வளவு குளிர். பனி நாட்களில் அதன்மேல் வியர்த்தும் நிற்கும். கண்ணாடி கேட்டால் இறுக்கிய (டெம்பர்ட்) கண்ணாடியாகக் கேளுங்கள். சாதாரணக் கண்ணாடி உடைந்தால் கத்தியாகும். கனத்தையும் கணக்கில் சேருங்கள்: 4 மில்லிமீற்றர் கண்ணாடி ஒரு சதுர மீற்றருக்கு 10 கிலோ.

துணி அலுமாரிக்கு ஒரே ஒரு பதில்தான் சொல்வேன்: சாய்பலகை வைத்த லூவர் கதவு. மழைக்காலத்தில் கலியாணப் பட்டுச்சேலையில் பூஞ்சணம் பூப்பதைப் பார்த்தவர்களுக்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. காற்று உள்ளே போய் வரவேண்டும். ஆனால் அதே லூவரை விறகடுப்பு எரியும் சமையலறைக்குப் போட்டால் ஒவ்வொரு சாய்பலகையிலும் கரியும் எண்ணெயும் படிந்து, தீபாவளிக்கு முந்திய வாரம் முழுவதும் அதைத் துடைப்பதிலேயே போகும். சமையலறைக்கு மட்டமான முகமே நல்லது.

ஐந்தாம் படி: இரும்புச் சாமானை முதலில் வாங்குங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும்தான் நினைவில் வைப்பீர்கள் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். மடல்களைச் செய்யச் சொல்வதற்கு முன் தண்டவாளம், குடுமி, சில்லு எல்லாம் அடங்கிய பெட்டி உங்கள் கையில் இருக்க வேண்டும். மேலே எவ்வளவு, கீழே எவ்வளவு விடவேண்டும் என்பதை மரம் தீர்மானிப்பதில்லை. அந்தப் பெட்டிக்குள் இருக்கும் தாள்தான் தீர்மானிக்கிறது. ஏறத்தாழ 2 அங்குலம் உயரத்தில் போகும், ஆனால் ஒவ்வொரு தயாரிப்புக்கும் எண் வேறு. என் பாஸ் கதவை முதலில் செய்துவிட்டார். பிறகு நான் வாங்கி வந்த தண்டவாளம் அவர் நினைத்ததைவிட முக்கால் அங்குலம் தடிப்பாக இருந்தது. அவர் கதவின் கீழ்ப்பக்கத்தை அறுத்தார். அறுத்த முனைக்கும் பூச்சு போடாமலே விட்டார். ஒரு தவறு இன்னொன்றைப் பெற்றது இப்படித்தான்.

பெட்டியில் ஒரு மடலுக்கு எத்தனை கிலோ தாங்கும் என்று எழுதியிருக்கும். உங்கள் மடலின் கனத்தைவிட அது மூன்றில் ஒரு பங்காவது அதிகமாக இருக்கட்டும். எண்ணே எழுதாத பெட்டியை வாங்காதீர்கள், ஹாட்வெயார் கடைக்காரர் எவ்வளவு உறுதி சொன்னாலும்.

கையில் எடுத்துச் சுழற்றிப் பாருங்கள். சில்லு நைலோனாகவும் அதன் அச்சு உலோகமாகவும் இருந்தால் நல்லது. அச்சும் பிளாஸ்டிக்காக இருந்தால் வைத்துவிட்டு வாருங்கள். தண்டவாளம் தடித்த அலுமினியமா, விரலால் நெரித்தால் வளையும் தகரமா? கீழ் குடுமியில் உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் நட்டு இருக்கிறதா? நம் ஊருக்கு அந்த நட்டு இல்லாத குடுமி உதவாது, ஆண்டுக்கு இரண்டு முறையாவது அதைத் திருப்ப வேண்டிவரும். பிணைச்சல் சோடிக்கு மூன்று. மூடுபனி ஊர்களில் துருப்பிடிக்காத உருக்கில் வாங்குங்கள். பணம் குறைவானால் மரத்தில் குறையுங்கள், இதில் குறைக்காதீர்கள். சாதாரண மரத்தில் நல்ல தண்டவாளம் பத்து வருடம் ஓடும். தேக்கில் மட்டமான தண்டவாளம் பத்து மாதம் ஓடாது.

ஆறாம் படி: பாஸிடம் வேலையை ஒப்படைப்பது

வாய்ப்பேச்சில் விடாமல் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்: வாசலின் மிகக் குறைந்த அகலமும் உயரமும், மடல்களின் எண்ணிக்கை, எந்தப் பக்கம் ஒதுங்க வேண்டும், எந்த அறைக்குள் மடிய வேண்டும், சட்டமும் மிதக்கும் பலகையும் என்ற சொல், ஆறு முகத்துக்கும் பூச்சு என்ற சொல். இடைவெளி 2 மடல் கதவுக்கு அகலத்தில் மொத்தம் அரை அங்குலம். மேற்குச் சரிவு ஊர்களில் வெயில் காலத்தில் செய்வதானால் அதோடு இன்னும் எட்டில் ஒரு அங்குலம்.

என் இரண்டாவது கதவைச் செய்த பாஸ் கினிகத்தேனைப் பக்கத்தவர், அறுபதைத் தாண்டியவர். தாளைப் படித்துவிட்டு, "தம்பி, இவ்வளவும் எழுதியிருக்கிறீர்கள், கைப்பிடி எங்கே என்று எழுதவில்லையே?" என்றார். ஓரத்தில் என்றேன். தலையாட்டி மறுத்தார். ஓரத்தைப் பிடித்து நேராக இழுத்தால் சில்லுதான் அழுத்தப்படும், கதவு மடியாது; மடியும் கோட்டுக்கு அருகே கைப்பிடி இருந்தால் ஒரு விரலால் திறக்கலாம். அவர் சொன்னது அப்படியே உண்மை. உயரம் தரையிலிருந்து 3 அடி.

பணத்தை மூன்றாகக் கொடுங்கள். மரத்துக்கு முன்பணம், பூச்சுக்கு முன் கதவைப் பச்சையாகப் பார்த்த பிறகு ஒரு பங்கு, மாட்டி ஒரு வாரம் ஓடிய பிறகு மீதி. நல்ல பாஸ் இதற்குக் கோபப்பட மாட்டார்.

ஏழாம் படி: மாட்டும் நாள்

மேலே கொங்கிரீட் லின்டல் என்றால் தண்டவாளத்தை நேரே அதில் அறையாமல், முதலில் ஒரு மரச்சட்டத்தைத் துளையிட்டு, செருகியோடு இறுக்கி, ரசமட்டம் பார்த்துச் சீவல் வைத்துச் சமப்படுத்துங்கள். தண்டவாளம் அதில் ஏறட்டும். பிறகு மேல் குடுமி நிற்கும் புள்ளியிலிருந்து தூக்குக்குண்டை விடுங்கள். குண்டின் நுனி தரையில் எங்கே தொடுகிறதோ அதுதான் கீழ்த் தாங்கியின் இடம். கண்ணளவில் வைத்தால் கதவு தானாக நகரும். அவசரத்தில் இந்த ஒரு வேலையைத்தான் எல்லோரும் விடுகிறார்கள்.

மடல்களைத் தரையில் படுக்கவைத்துப் பிணைச்சல் போட்டு, மடித்த நிலையிலேயே தூக்கி நிறுத்துங்கள். இரண்டு பேர் வேண்டும். கீழ் குடுமி முதலில், பிறகு மேல் குடுமியை அழுத்தித் தண்டவாளத்துக்குள், கடைசியாகச் சில்லு. மூடிப் பார்த்து, மேல் இடைவெளி ஒரு முனையில் அகலமாகத் தெரிந்தால் கீழ் நட்டைத் திருப்புங்கள். பக்க இடைவெளி கோணினால் மேல் தாங்கியின் ஸ்குரூவைத் தளர்த்தி நகர்த்துங்கள். இப்போதைக்கு எதையும் இழைப்புளியால் சீவ வேண்டாம்.

குளிர் ஊர்களில் கதவின் கீழும் ஓரமும் தூரிகைப் பட்டி ஒட்டிக் காற்றை அடைப்பார்கள். நல்லதுதான். ஆனால் அப்படி அடைத்த அறைக்குள் குளிருக்காகக் கரிச்சட்டி கொண்டுவரும் பழக்கம் இருந்தால் இரண்டில் ஒன்றை விடுங்கள். எரியும் கரியிலிருந்து வரும் காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூக்கத்திலேயே ஆளைக் கொல்லும். அந்த அறையில் கம்பளியே பாதுகாப்பு.

சிறு பிள்ளைகள் இருக்கும் வீட்டில் மடிப்பின் இடுக்கு விரலுக்குப் பகை. பிள்ளையின் கைக்கு எட்டாத உயரத்தில் ஒரு சிறு கொண்டி போட்டு வையுங்கள். திறந்தால் திறந்தபடியே நிற்கும்.

மாட்டிய பிறகு

தண்டவாளத்துக்கு எண்ணெய் விடாதீர்கள். சமையலறைப் புகையும் தூசியும் எண்ணெயில் ஒட்டிப் பசையாகிவிடும். உலர்ந்த துணியால் துடைத்து, மெழுகுவர்த்தியால் ஒரு தடவை தேய்த்தால் போதும்.

முதல் மழைக்காலத்தில் கதவு கொஞ்சம் இறுகும். உடனே பாஸை அழைத்துச் சீவச் சொல்லாமல் நட்டை அரைச் சுற்றுத் திருப்பிப் பாருங்கள். மழைக்குச் சீவிய கதவு வெயிலில் பல்லிளிக்கும். இரண்டு மழை பார்த்த பிறகும் அதே இடத்தில் உரசினால் அந்த இடத்தை மட்டும் சீவி, சீவிய அன்றே பூச்சும் போட்டுவிடுங்கள்.

தண்டவாளம் வாங்கும்போதே ஒரு சில்லும் ஒரு மேல் குடுமியும் கூடுதலாக வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த வருடம் அதே அளவு கடையில் இருக்கும் என்று நிச்சயமில்லை. எங்கள் வீட்டில் அவை அம்மாவின் பிஸ்கட் டின்னில், பொத்தான்களுக்கும் ஊசிநூலுக்கும் நடுவே கிடக்கின்றன. இந்த மே மாதம் ஒரு சில்லு தேய்ந்தபோது, நான் வேலை முடிந்து வருவதற்குள் அவரே மாற்றிவிட்டார்.